பக்கத்து வீட்டு வாங்

"படிய்யா, சத்தமா படி. பின்னால நிக்கிறவனுக்கும் கேக்கணும்."

அரிசிக்கடை வாசலிலிருந்து அந்தக் குரல் வந்தபோது தொக்சில் கிணற்றடியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் கழுவிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் மழை; இன்று சுள்ளென்று ஜூலை மாத வெயில். படிக்கிறவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வந்தது. ஆனாலும் முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது அவள் புருஷன் எழுதியதுதான் என்று.

"'பக்கத்து வீட்டு வாங் சிரித்தால் நம்பாதீர்கள். முட்டைக்கோஸை எடை போடும்போதும் அவன் சிரிப்பான். உங்கள் கழுத்தை எடை போடும்போதும் அதே சிரிப்புத்தான்.'"

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. அவள் வெள்ளரிக்காயைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டாள். இரண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அந்தக் கடை வாசலில் 'பக்கத்து வீட்டு வாங்' படிக்கப்படுகிறது. கிணற்றடி வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்காத சனிக்கிழமையே கிடையாது.

வாங் என்று ஒருவன் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பெயர் லுவான். சீனாவின் ஷாண்டோங்கிலிருந்து கப்பலேறி வந்து, ஜப்பான்காரன் ஆளும் கொரியாவில், பியோங்யாங்கின் இந்த ஓரத்தில் நிலம் குத்தகைக்கு எடுத்து, பன்னிரண்டு வருஷமாகக் காய்கறி போடுகிறவர். இந்தத் தெருவில் அவர் வெங்காயத்தைத் தின்னாத வீடு இல்லை. "லுவான்னு எழுதினா எவன் வாயில நுழையும்? சீனாக்காரன்னா வாங். அவ்வளவுதான்" என்பார் தொக்சிலின் புருஷன் ஹாம் கிதெக். பத்திரிகையில் அவர் பத்தி எழுதுகிறவர். பத்திக்கு வேண்டிய சரக்கு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதை எட்டிப் பார்த்துக் கொண்டுவந்து கொடுக்கிற வேலை தொக்சிலுடையது. ராத்திரிச் சாப்பாட்டில் அவள் சொல்வாள். சனிக்கிழமை அது அச்சில் வரும்.

லுவானும் லேசுப்பட்டவர் இல்லை. எல்லையிலிருக்கும் யாலு ஆற்றுக்கு அக்கரையிலிருந்து அவருக்கு மாதம் ஒருமுறை பழைய பத்திரிகைக் கட்டு வரும். சுவர்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கூப்பிடுவார்.

"அண்ணே, எங்க ஊரு பேப்பர் வந்திருக்கு. உங்களைப் பத்தி அரைப் பக்கம்."

"என்ன சொல்றான் உங்க ஆளு?"

"கொரியாக்காரன் ஜப்பான்காரனோட வேட்டை நாயாம். எஜமான் விசிலடிச்சா எங்க நிலத்துக்கு ஓடிவந்து மோப்பம் பிடிப்பானாம். அவன் பூட்ஸை நாக்காலதான் துடைப்பானாம். சாயங்காலமானா குடி. குடிச்சா பொண்டாட்டிக்கு அடி. அடிச்சு முடிச்சா அழுதுக்கிட்டே பாட்டு."

"பொண்டாட்டிய அடிக்கிறது மட்டும் சுத்தப் பொய். இவ திருப்பி அடிப்பா."

"நீங்க என்னைப் பத்தி இந்த வாரம் என்ன எழுதறீங்க?"

"நீ வந்தா உன் பூண்டு வாசனை அரை மணி நேரம் முன்னாடியே வந்துடுதுன்னு."

"ஆமா, நீங்க ரோஜாப்பூ தின்னுட்டுத்தானே ஏப்பம் விடறீங்க!"

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். லுவானின் மனைவி சாய்லியன் அந்தப் பக்கத்திலிருந்து, "இந்த ஆம்பளைங்களுக்கு வேற வேலையே இல்லை அக்கா" என்பாள். தொக்சில் இந்தப் பக்கத்திலிருந்து, "அதுக்குத்தான் பத்திரிகைக்காரன் சம்பளம் குடுக்கிறான், விடு" என்பாள்.

நேற்றைக்கு முந்தின நாள் சிறப்புப் பதிப்பு ஒன்று வந்தது. மஞ்சூரியாவில் ஒரு வாய்க்கால் தகராறாம். அங்கே போய்ப் பிழைக்கிற கொரியக் குடியானவர்களைச் சீனர்கள் கூட்டங்கூட்டமாக வெட்டிப் போட்டுவிட்டார்களாம். நேற்று ராத்திரி பத்திரிகை ஆசிரியர் கிதெக்கை அழைத்து, "சூடா ஒண்ணு வேணும், ஒரு மணி நேரத்துல" என்றார். புதிதாக யோசிக்க ஏது நேரம்? இரண்டு வருஷத்துப் பழைய வேடிக்கைகளையே வரிசையாக எடுத்து, சிரிப்பை மட்டும் கழற்றிவிட்டு எழுதிக் கொடுத்தார். அதைத்தான் இப்போது அரிசிக்கடை வாசலில் படித்தார்கள்.

தொக்சில் வாசல் கதவை ஒருச்சாய்த்துப் பார்த்தாள். தெருக்கோடியில் சீனர் ஜவுளிக்கடையின் கதவைப் பெயர்த்து எடுத்திருந்தார்கள். துணி உருளைகளை உருட்டிவிட்டதில் தெரு நீளத்துக்கு நீலமும் சிவப்பும் சேற்றில் கிடந்தன. அந்தத் துணிமேலேயே ஒரு ஆளைக் காலைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அவன் கைகள் துணியைப் பிடிக்கப் பார்த்தன. துணியும் கூடவே வந்தது. ஒருவன் அடுப்புக்கல்லைத் தூக்கி அவன் முகத்தில் போட்டான். அதன்பின் அந்தக் கைகள் எதையும் பிடிக்கப் பார்க்கவில்லை.

அவள் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். பின்கட்டிலிருந்து கிதெக் வேகவேகமாக வந்தார். முகம் வெளிறியிருந்தாலும் காரியத்தை முடித்துவிட்ட தெம்பு அதில் தெரிந்தது.

"பாத்தீங்களா தெருவை? லுவான் எங்க?"

"எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேன். சீன வியாபாரிங்க மண்டபத்துக்கு ஓடறேன்னான். தெருவுல காலை வச்சா செத்தடான்னு நான்தான் தடுத்தேன்."

"நம்ம வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கலாமே?"

"அவனும் கேட்டான். சாய்லியனை மட்டுமாவது வச்சுக்குங்க அண்ணேன்னான்." கிதெக் தரையைப் பார்த்தார். "நம்ம வீட்டுக்கு ஆளுங்க வருவாங்க, போவாங்க. பத்திரிகைக்காரன் வீடு. தெரிஞ்சா நம்மளையும் சேத்துக் கொளுத்துவாங்க. அதான், ரெண்டு பேரையும் அந்தக் காய்கறிப் பள்ளத்துல இறக்கி, பலகையை மூடி, பாயை இழுத்துவிட்டுட்டேன். ஒரு ஈ காக்கைக்குத் தெரியாத இடம்."

தொக்சில் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எந்தப் பள்ளம்? பேரிக்கா மரத்தடியிலயா?"

"அதேதான்."

"ஐயோ, நீங்கதானே அதை எழுதினீங்க!"

"எதை?"

"பள்ளத்தை! பங்குனியில, அவ என்னை உள்ள கூட்டிட்டுப் போய்க் காட்டினாளே. நான் வந்து உங்ககிட்டச் சொன்னேனே. அடுத்த சனிக்கிழமையே பேப்பர்ல வந்துச்சே!"

கிதெக் விழித்தார். அவருக்கு நிஜமாகவே நினைவில்லை. வாரம் ஒன்று எழுதுகிறவருக்கு எழுதி அனுப்பியதோடு சரி. ஆனால் தொக்சிலுக்கு ஒரு வரி விடாமல் நினைவிருந்தது. தான் கொடுத்த சரக்கு எப்படி வந்திருக்கிறது என்று ஒவ்வொரு வாரமும் பெருமையோடு படிக்கிறவள் அவள். 'நாம் மண்ணில் கிம்ச்சி ஊறுகாய்ச் சாடி புதைக்கிறோம். வாங் ஒரு அறையையே புதைத்து வைத்திருக்கிறான். பேரிக்காய் மரத்தடியில் வைக்கோல் பாயைத் தூக்கினால் பலகை, பலகையைத் தூக்கினால் பதினோரு படி. முட்டைக்கோஸுக்கு எதற்கப்பா இவ்வளவு ஆழம்? உள்ளே வேறு யாரைப் படுக்க வைத்திருக்கிறாய்?' அன்றைக்கு அரிசிக்கடையில் சிரித்த சிரிப்பு!

"ஊருக்கே தெரியும்" என்றாள். "படிக்கத் தெரியாதவனுக்குக்கூடத் தெரியும். சத்தமாப் படிச்சாங்களே."

"யார் ஞாபகம் வச்சிருக்கப் போறான்?"

"எழுதினவருக்குத்தான் மறந்துபோச்சு. அவங்க வாசக்கதவுக்கு உள்ளே போய் நில்லுங்க. யார் வந்தாலும் பேசுங்க, எதையாவது பேசுங்க. பேசத்தான் தெரியுமே உங்களுக்கு."

இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த மண் சுவரின் அடியில், சாடிகள் வைத்திருக்கும் மேடைக்குப் பின்னால், மழையில் கரைந்து ஒரு ஓட்டை விழுந்திருந்தது. கிண்ணம் கொடுக்க வாங்க வசதியாக இருந்ததால் இரண்டு பெண்களும் அதை அடைக்க விடவில்லை. தொக்சில் பாவாடையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு அதற்குள் ஊர்ந்தாள். அந்தப் பக்கம் போய்ப் பாயை விலக்கிப் பலகையைத் தூக்கினாள். இருட்டில் நான்கு கண்கள்.

"வெளிய வாங்க, சீக்கிரம்! இந்த இடம் அவங்களுக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?" என்றார் லுவான்.

"அதெல்லாம் அப்புறம். வாங்க!"

சாய்லியன் ஏறினாள். சீன வழக்கப்படி, வளரவிடாமல் சின்ன வயதில் கட்டிய பாதங்கள். குழந்தையின் கையளவுதான் இருக்கும். ஒவ்வொரு படிக்கும் இரண்டு கையையும் ஊன்றித்தான் ஏற முடிந்தது. லுவான் கீழிருந்து தோள் கொடுத்துத் தள்ளினார். தொக்சில் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். தெருவில் சத்தம் இரண்டு வீடு தள்ளிக் கேட்டது. லுவானின் வாசற்கதவில் முதல் உதை விழுந்தது.

"நீயும் ஏறு, லுவான்!"

அவர் ஏறவில்லை. மேலே அண்ணாந்து பார்த்து, சுவர்மேல் முழங்கை ஊன்றிப் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"அண்ணி, அவங்க பள்ளத்தைத் திறப்பாங்க. உள்ள யாரும் இல்லேன்னா வீடு வீடாத் தேடுவாங்க. நான் இருந்தா என்னோட நிறுத்திக்குவாங்க. இவளைக் கொண்டு போங்க."

சாய்லியன் சீனத்தில் என்னவோ சொல்லிக்கொண்டே குழிக்குள் சாய்ந்தாள். "போடி!" என்று அதட்டினார் அவர். பலகையை அவரே உள்ளிருந்து இழுத்து மூடிக்கொண்டார்.

தொக்சில் பாயை மறுபடி இழுத்துவிட்டு, அவளை ஓட்டை வழியாகத் திணித்து, பின்னாலேயே தானும் ஊர்ந்து, அறைக்குள் இழுத்துப்போட்டுக் காகிதக் கதவைச் சாத்தினாள். அப்போதுதான் பார்த்தாள். சாய்லியனின் ஒரு காலில் செருப்பு இல்லை.

திரும்பிப் போக நேரமில்லை. அந்தப் பக்கம் கதவு விழுந்த சத்தம் கேட்டது. அதற்குமேல் எல்லாமே சத்தம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பத்தடியில் நடந்ததை அவள் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பத்தடி தூரத்தில் ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

"எழுத்தாளர் ஐயா! நீங்க முன்னாடியே வந்துட்டீங்களா?"

அது பியோ. மரவாடியில் அறுக்கிறவன். சீனக் கூலிகள் குறைந்த சம்பளத்துக்கு வருகிறார்கள் என்று போன மாதம் அவனை நிறுத்திவிட்டிருந்தார்கள். கிதெக்கைத் தெருவில் பார்த்தால் தொப்பியை எடுத்துவிட்டுத்தான் பேசுவான்.

"இங்க யாரும் இல்ல பியோ" என்றார் கிதெக். "விடியறதுக்கு முன்னாடியே ஓடிட்டானுங்க. அடுத்த தெருவைப் பாருங்க."

"உங்களுக்கு இரக்க மனசு ஐயா. வழியெல்லாம் எங்களுக்குத் தெரியும். நீங்கதான் சொல்லிக் குடுத்திருக்கீங்களே. டேய், பேரிக்கா மரம் அதோ. பாயைத் தூக்கு."

பலகை தூக்கி எறியப்பட்டது. ஒரு கூச்சல். படிகளில் எதுவோ தடதடவென்று மோதிக்கொண்டே மேலே வந்தது.

"இருக்கான்டா வாங்!"

"என் பேரு லுவான்" என்றார் அவர். "போன வாரம்கூட எங்கிட்ட முள்ளங்கி வாங்கினியே பியோ."

தடி விழுந்தது. ஈர மூட்டையில் அடிக்கிற சத்தம். இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. நடுநடுவே மூச்சு வாங்குகிற இடைவெளியில் பியோ கேட்டான்: "எங்க ஆளுங்களை எங்கடா படுக்க வச்சிருக்கே? சொல்லு! உள்ள எறங்கிப் பாருங்கடா, பொணம் இருக்கும்."

"உருளைக்கிழங்குதான் இருக்கு" என்றது பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு குரல். "ரெண்டு ஊறுகாச் சாடி."

"நல்லாத் தோண்டு. ஐயா எழுதியிருக்காரு, யாரையோ படுக்க வச்சிருக்கான்னு."

"பியோ, நிறுத்து!" கிதெக்கின் குரல் கீச்சென்று எழும்பியது. "அது நான் சும்மா எழுதினது. வேடிக்கைக்கு எழுதினது. அதுல ஒரு எழுத்துக்கூட நிஜம் இல்லப்பா."

அடி நின்றது.

"சும்மாவா?" என்றான் பியோ. அவன் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "ரெண்டு வருஷமா சும்மாவா எழுதினீங்க? ஒரு வாரம் விடாம வெட்டி என் வீட்டுச் சுவத்துல ஒட்டியிருக்கேன் ஐயா. எம் பொண்ணு அதுலதான் எழுத்துக் கூட்டக் கத்துக்கிட்டா. இன்னிக்குக் காலையில வந்ததும் சும்மாவா?"



"அண்ணே, இங்க பாருங்க!" வேறொருவன் குரல், சுவர் ஓட்டைக்குப் பக்கத்தில். "செருப்பு. உள்ளங்கையில அடங்குது. பொம்பள செருப்பு."

தொக்சிலின் மடியில் சாய்லியனின் உடம்பு விறைத்தது. தொக்சில் வலது கையை அவள் வாய்மேல் வைத்து அழுத்தினாள்.

"பொண்டாட்டி எங்கடா?" என்றான் பியோ. பிறகு மெதுவாக, "இந்த ஓட்டை உங்க வீட்டுக்குத்தானே போகுது ஐயா?"

பேரிக்காய் மரத்தில் சில்வண்டு கத்துவது கேட்டது. அந்த நேரத்தில் லுவான் சிரித்தார். வாயில் ரத்தம் கொழகொழக்கச் சிரித்தார்.

"என் பொண்டாட்டி இவன் வீட்டுலயா? காறித் துப்பக்கூட இவன் வீட்டுப் பக்கம் வரமாட்டா! அவ நேத்தே கப்பலேறிட்டா. டேய் ஹாம் கிதெக்! ஜப்பான்காரன் வேட்டை நாயே! எஜமான் பூட்ஸை நாக்கால துடைக்கிறவனே! குடிச்சுட்டுப் பொண்டாட்டிய அடிச்சுட்டு அழுதுக்கிட்டே பாடறவனே! பன்னண்டு வருஷமா உன் மூஞ்சியைப் பாத்து வாந்திய அடக்கிக்கிட்டு இருந்தேன்டா!"

சுவர்மேல் சாய்ந்துகொண்டு அவர் படித்துக் காட்டிய அதே வரிகள். தொக்சிலுக்குப் புரிந்தது. கிதெக்குக்கும் புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் ஏதோ முனகினார்; அது சொல்லாக வரவில்லை.

"கேட்டீங்களா ஐயா?" என்றான் பியோ. "இவனுக்கா இரக்கப்பட்டீங்க? இந்தாங்க தடி. முதல் அடி உங்களோடது. அடிச்சீங்கன்னா உங்க வீட்டு வாசப்படியை எவனும் மிதிக்க மாட்டான், அதுக்கு நான் பொறுப்பு. இல்லேன்னா நாங்க பாத்துட்டுத்தான் போவோம்."

"நாய்க்குத் தடியைத் தூக்கத் தெரியுமா?" என்று கத்தினார் லுவான். "எஜமான் விசிலடிக்கலியே!"

தொக்சில் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால் காது இன்னும் நன்றாகக் கேட்டது. ஒரு அடி விழுந்தது, பலமில்லாத அடி. "பலமா!" என்றார் லுவான், திட்டுகிற குரலில்தான் சொன்னார். இரண்டாவது அடி பலமாக விழுந்தது. எலும்பு முறிந்தது. மூன்றாவது அடியை யார் அடித்தார்கள் என்று தெரியவில்லை. அதற்குள் எல்லாருமே சேர்ந்துகொண்டார்கள். ஒருவன் மண்வெட்டியால் அடித்திருக்க வேண்டும். அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது, வெள்ளரிக்காயை நறுக்குகிற மாதிரி.

சாய்லியன் கத்தவில்லை. கத்த வேண்டியதையெல்லாம் பல்லில் வைத்து, வாய்மேல் இருந்த உள்ளங்கையைக் கடித்தாள். தோல் கிழிந்தது, சதை கிழிந்தது, பல் எலும்பில் போய் இடித்தது. தொக்சில் கையை எடுக்கவில்லை. ரத்தம் இருவர் மடியிலும் வழிந்தது. அந்தப் பக்கத்துச் சத்தம் முழுவதும் அடங்கின பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. சாய்லியனும் பல்லை எடுக்கவில்லை.

கடைசியில் பியோ சொன்னது கேட்டது: "மன்னிச்சுக்குங்க ஐயா, உங்களைச் சந்தேகப்பட்டுட்டேன். கையைக் கழுவிக்குங்க." பிறகு காலடிகள் அடுத்த தெருவுக்குப் போயின.

மறுநாள் காலையில் ஜப்பான் துருப்புகள் வந்தன. உயிர் தப்பிய சீனர்களைப் போலீஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த முற்றத்தில் சேர்க்கிறார்கள் என்று செய்தி பரவியது. கிதெக் வெளியே போய்ப் பத்திரிகை வாங்கிக்கொண்டு வந்தார். அறைக்குள் வரவில்லை. வாசற்படிக்கல்லில் உட்கார்ந்து, கதவைப் பார்த்துச் சொன்னார்.

"மஞ்சூரியாவுல யாரும் சாகலியாம். ஒருத்தர்கூட. தப்பான சேதியாம். உள்பக்கத்துல நாலு வரி போட்டிருக்கான்."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. சாய்லியன் தவழ்ந்து வாசற்படிக்கு வந்தாள். தொக்சிலின் பழைய பாவாடையும் மேல்சட்டையும் அணிந்திருந்தாள். வெறுங்காலைத் துணியால் கட்டியிருந்தாள். கிதெக் எழுந்து அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்தார்.

"ஏறிக்கம்மா. அந்தக் காலோட நீ அவ்வளவு தூரம் நடக்க முடியாது. நான் கொண்டுபோய் விடறேன்."

அவள் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் உங்களைத் திட்டினது எதுக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நீங்க அடிச்சது எதுக்குன்னும் தெரியும். அதை நான் கேக்கல. அந்தப் பள்ளம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கிதெக் குனிந்த நிலையிலேயே இருந்தார். முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

"நகருங்க" என்றாள் தொக்சில்.

குழந்தையை முதுகில் கட்டுகிற அகலத் துணியை எடுத்து வந்தாள். சாய்லியனை முதுகில் ஏற்றி, துணியைச் சுற்றி, மார்பில் முடிச்சுப் போட்டாள். வலது கை உதவவில்லை. முடிச்சின் ஒரு முனையைப் பல்லால் இழுத்தாள். கட்டின பாதம் தெரியாமல் பாவாடையை இழுத்துவிட்டாள். தலையில் ஒரு துண்டைப் போட்டு முகத்தை மூடினாள்.

தெருவில் சேற்றோடு சேறாகத் துணிகள் கிடந்தன. ஒரு சுவரோரம் பாய் போட்டு மூடியிருந்தார்கள். பாய்க்கு வெளியே எத்தனையோ கால்கள். அரிசிக்கடை வாசலில் நான்கு பேர் தடியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"யாரும்மா முதுகுல?"

"எங்க மாமியா. ராத்திரி பூரா வாந்தி, பேதி. காலராவா இருக்குமோன்னு பயமா இருக்கு. கொஞ்சம் பிடிச்சு இறக்கறீங்களா தம்பி, தோள் கழண்டு போகுது?"

நான்கு பேரும் எழுந்து எதிர்ப்பக்கம் போனார்கள். "போ, போ, சீக்கிரம் போ!"

பாலத்தைத் தாண்டியபின் சாய்லியனின் வாய் தொக்சிலின் காதோரம் வந்தது.

"நீயாவது சொல்லு அக்கா."

தொக்சில் நடந்துகொண்டே சொன்னாள். நின்றால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அவர் பேப்பர்ல எழுதினாரு. பேரிக்கா மரம், பாய், பலகை, பதினோரு படி, எல்லாத்தையும். அவருக்கு எப்படித் தெரியும்? அவர் என்னிக்காவது உள்ள எறங்கியிருக்காரா? நான்தான் சொன்னேன். நீ என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினியே, முள்ளங்கியை மணல்ல புதைச்சு வச்சிருக்கறதை. அன்னிக்கு ராத்திரியே சொன்னேன். நீ நடக்கிற நடையைச் சொன்னேன். லுவான் சாப்பிடற சத்தத்தைச் சொன்னேன். ரெண்டு வருஷமா ஒண்ணுவிடாம எல்லாம் நான் சொன்னதுதான். எழுதி வந்ததும் நான்தான் முதல்ல படிப்பேன். சிரிப்பேன்."

கழுத்தைச் சுற்றியிருந்த கைகள் இறுகும் என்று எதிர்பார்த்தாள். நெரித்தாலும் நிற்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டாள். கைகள் இறுகவில்லை. கழுத்தைவிட்டு விலகித் தொங்கின. பிடிமானம் இல்லாத உடம்பு இரண்டு மடங்கு கனத்தது. மீதித் தூரம் முழுக்கத் தொக்சில் அதை அப்படியேதான் சுமந்தாள்.

முற்றத்தின் வாசலில் ஒரு கொரியப் போலீஸ்காரன் பலகைமேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தான். உள்ளே நூற்றுக்கணக்கான பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகள்கூட அழவில்லை.

"பேர்?"

"லுவான் வீடு" என்றாள் சாய்லியன், முதுகிலிருந்தபடியே.

"புருஷன்?"

"செத்துட்டார்."

"எங்க?"

"வீட்டுல."

அவன் எழுதிக்கொண்டான். சாய்லியன் தானே முடிச்சை அவிழ்த்தாள். நழுவித் தரையில் உட்கார்ந்தாள். போலீஸ்காரன் தொக்சிலை ஏற இறங்கப் பார்த்தான். அவள் கையில் கட்டியிருந்த துணி ரத்தத்தில் தோய்ந்திருந்தது.

"இது யாரு? உன்னைத் தூக்கிட்டு வந்தவ?"

"தெரியாது" என்றாள் சாய்லியன்.

"பக்கத்து வீடு" என்றாள் தொக்சில். "பன்னண்டு வருஷமாப் பக்கத்து வீடு."

போலீஸ்காரன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னம்மா, பக்கத்து வீடுங்கறா?"

"எனக்குப் பக்கத்து வீடே கிடையாது" என்று சொல்லிவிட்டு, சாய்லியன் உள்ளங்கைகளை ஊன்றி, முட்டி போட்டு, முற்றத்துக்குள் போனாள். அங்கிருந்த ஒரு கிழவி நகர்ந்து இடம் விட்டாள்.

"நீ போம்மா" என்றான் போலீஸ்காரன். "இங்க நிக்காத. கொரியாக்காரங்களுக்கு உள்ள அனுமதி இல்லை."

"கொஞ்ச நேரம் நிக்கிறேன்."

"எதுக்கு?"

அவன் மறுபடியும் "போ" என்று கையை ஓங்கும் வரைக்கும் தொக்சில் அங்கேயே நின்றாள்.